வென்டிலேட்டரில் இருக்கும் அப்பச்சிக்கு நிமோனியா: ஐசியுவில் எதைக் கண்காணிக்கிறார்கள், வீட்டார் எதைக் கேட்கலாம்

தேவகோட்டை ஆச்சி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 72 வயது. வீட்டில் மயங்கி விழுந்தார், மூளையில் ரத்தக்கசிவு. காரைக்குடியில் டியூப் போட்டு அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள், "வென்டிலேட்டர் நிமோனியா வந்திருக்கு" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சளி கல்ச்சரில் (சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) அசினெட்டோபாக்டர் என்ற கிருமி. அண்ணன் தினமும் சார்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "வரும்போது நெஞ்சு சுத்தமாத்தானே இருந்துச்சு, ஐசியுவுக்குள்ள எப்படி வந்துச்சு? யாரோட கவனக்குறைவு? இந்தச் சார்ட்டுல எதைப் பார்க்கணும், டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்?" இவைதான் கேள்விகள்.

நான் காரைக்குடிப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன். அப்பச்சியைப் பார்க்கும் டாக்டர்தான் கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவர். நான் சொல்வது அவரோடு பேச உங்களுக்கு உதவுவதற்காக.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வந்தது என்பதை மட்டும் வைத்து யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது, ஆச்சி. அதற்காக, "ஐசியுன்னா இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெரிய அளவுக்குத் தடுக்கக்கூடிய நோய் இது. தடுக்க முடியாமல் போனாலும் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: சில எண்களைத் தினமும் தவறாமல் எழுதி, நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டு, "இன்றைக்கு மெஷினிலிருந்து எடுக்க முடியுமா" என்று ஒவ்வொரு காலையும் கேட்பது. கல்ச்சர் ரிப்போர்ட் அதற்குப் பிறகுதான்.

எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நம் எல்லோர் வாயிலும் தொண்டையிலும் கிருமிகள் இருக்கின்றன. தூங்கும்போது எச்சிலில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கத்தான் செய்கிறது. இருமலும் குரல்வளை மூடிக்கொள்வதும் நம்மைக் காப்பாற்றுகின்றன. வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போனவுடன் அந்த இரண்டு காவலும் போய்விடுகின்றன. டியூபின் நுனிக்கு அருகில் கஃப் என்று ஒரு சின்ன பலூன் இருக்கும். காற்று வெளியே கசியாமலும் எச்சில் உள்ளே இறங்காமலும் அது அடைத்துக்கொள்ளும். ஆனால், மடைக்கு மேல் தண்ணீர் நிற்பதுபோல அந்தக் கஃபுக்கு மேலே எச்சிலும் சளியும் தேங்கி நிற்கும். கஃபில் அழுத்தம் குறைந்தாலோ, நோயாளியைப் புரட்டும்போதோ அதில் கொஞ்சம் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். ஐசியுவுக்குள் வந்த சில நாட்களிலேயே வாயில் இருக்கும் கிருமிகளும் மாறிவிடும். சாதாரணக் கிருமிகள் குறைந்து, மருத்துவமனையில் வாழும் கிருமிகள் குடியேறும். டியூபின் உட்சுவரிலும் அவை பாசிபோல் படியும். ஆகவே கிருமி காற்றில் பறந்து வந்தது என்பதைவிட, அப்பச்சியின் வாயிலிருந்தே கீழே இறங்கியது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. வெற்றிலை, புகையிலை போடும் பழக்கம், சொத்தைப் பல், பல்செட் ஏதாவது அவருக்கு உண்டா? இருந்தால் ஐசியு சிஸ்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வாய்ச் சுத்தம் செய்பவருக்கு அது தேவையான தகவல்.

டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம். கண்காணிப்புக் கணக்கில் டியூப் போட்ட நாள் முதல் நாள். மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு வந்தால்தான் அந்தப் பெயர். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய வீட்டில் வயதானவர் தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில். அவர் விழுந்தது எப்போது என்பதே தெரியாமல், நினைவில்லாமல் சில மணி நேரம் கிடந்திருப்பார். அப்போதே வாந்தியோ எச்சிலோ நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அது முதல் இரண்டு நாளில் காய்ச்சலாக, எக்ஸ்ரேயில் நிழலாக வெளிப்படும். அதை ஐசியுவின் கணக்கில் எழுதுவது சரியாகாது. உங்கள் அப்பச்சிக்கு நான்காம் நாள் வரை நெஞ்சு சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே இது அந்த வகை அல்ல.

இன்னொன்று, காரைக்குடியிலிருந்து மதுரை வரை ஆம்புலன்ஸில் போன அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம். நோயாளியை இடம் மாற்றுவதே இந்த நிமோனியாவுக்கு ஓர் ஆபத்துக் காரணி. ஸ்ட்ரெச்சரில் தட்டையாகப் படுக்க வைத்திருப்பார்கள், வண்டி குலுங்கும், கஃபில் எவ்வளவு அழுத்தம் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிரிஞ்சில் குத்துமதிப்பாகக் காற்றை ஏற்றி, வெளியே இருக்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்வது நம் பக்கம் இன்னும் பரவலான வழக்கம். விரல் கணக்கு நம்பத்தகுந்ததல்ல என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விஷயம். கஃபின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் இறங்கும். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் போகாமல் புண்ணாகி, பின்னால் அந்த இடம் சுருங்கிப்போகலாம். அதை அளக்கும் கருவி கைக்கு அடக்கமானது, ஒரு வென்டிலேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தேவகோட்டை, திருப்பத்தூர், காரைக்குடி என்று டியூப் போடும் ஒவ்வோர் இடத்திலும் அது ஒன்று இருக்க வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புமுன் வாயையும் தொண்டையையும் சக்‌ஷன் செய்து (தேங்கிய சளியை உறிஞ்சி எடுத்து), கஃபை அளந்து, ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை உயர்த்தி அனுப்ப வேண்டும். இதைச் செய்யப் பெரிய மருத்துவமனை தேவையில்லை.

இப்போது சார்ட். உங்கள் அண்ணன் அனுப்பிய படங்களில் இரண்டு வரிகளை மட்டும் முதலில் பாருங்கள். ஒன்று ஆக்சிஜன் சதவீதம். மற்றொன்று பீப்: மூச்சு வெளியே விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் மெஷின் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அப்பச்சிக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை 40 சதவீதமும் பீப் 5-உம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் 60, ஆறாம் நாள் 65. அதே நாட்களில் உடல்வெப்பம் 38.6 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது, வெள்ளை அணுக்கள் 16,000-ஐத் தாண்டியிருக்கின்றன. நிமோனியா என்ற சொல்லை யாரும் உச்சரிக்குமுன்பே இந்த எண்கள் சேதி சொல்லிவிட்டன.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இன்றைய கண்காணிப்பு முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் எக்ஸ்ரேயில் புதிய நிழல், காய்ச்சல், சளியின் நிறம், வெள்ளை அணுக்கள் இவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்று பதிவு செய்தார்கள். 1991-இல் இவற்றுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றும் வந்தது. ஆறுக்கு மேல் போனால் நிமோனியா என்று சந்தேகிக்கலாம். சிக்கல் என்னவென்றால், படுக்கையிலேயே எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளை நிழல் நீர்க்கோப்பாக இருக்கலாம், சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரலாக இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வார்கள். "சளி கெட்டியா இருக்கு" என்பதும் பார்ப்பவரைப் பொறுத்தது. அதனால் ஒரு மருத்துவமனை "எங்களிடம் வென்டிலேட்டர் நிமோனியாவே இல்லை" என்று சொன்னால், அங்கே உண்மையிலேயே வரவில்லையா, வந்ததை வேறு பெயரில் எழுதினார்களா என்று தெரியாது.

2013 ஜனவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, பெரியவர்களுக்கான கண்காணிப்பை மெஷினில் தெரியும் எண்களுக்கு மாற்றியது. குறைந்தது இரண்டு நாட்கள் நிலையாக அல்லது தேறிவந்த ஒருவருக்கு, அதன் பிறகு ஆக்சிஜன் தேவை 20 புள்ளியோ பீப் 3 சென்டிமீட்டரோ கூடி, அந்தக் கூடுதல் இரண்டு நாட்களாவது நீடித்தால், அது வென்டிலேட்டர் தொடர்பான ஒரு நிகழ்வு. ஒவ்வொரு நாளும் பதிவாகும் குறைந்தபட்ச அளவைத்தான் எடுப்பார்கள். சக்‌ஷன் செய்யும்போது சில நிமிடம் 100 சதவீதம் வைத்ததெல்லாம் கணக்கில் வராது. அதோடு உடல்வெப்பம் 38-க்கு மேலோ 36-க்குக் கீழோ, அல்லது வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேலோ 4,000-க்குக் கீழோ போய், புதிய ஆன்டிபயாடிக் தொடங்கி நான்கு நாட்கள் தொடர்ந்தால், தொற்றோடு கூடிய நிகழ்வு. கிருமியும் சளிச் சோதனையில் உரிய அளவில் கிடைத்தால், நிமோனியாவாக இருக்கலாம் என்ற அடுத்த படி. அப்பச்சியின் எண்கள் முதல் படியில் சரியாக உட்காருகின்றன. நிகழ்வு தொடங்கிய நாள் ஐந்தாம் நாள்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, நிமோனியாவைத் தாண்டியும் இது பார்க்கிறது என்பதுதான். ஆக்சிஜன் தேவை திடீரென்று கூடுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்: நிமோனியா, உடலில் நீர் கூடி நுரையீரலில் தேங்குவது, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போவது, நுரையீரல் முழுக்க அழற்சி பரவும் ஏஆர்டிஎஸ். ஆகவே மூன்றாவதாக ஒரு வரியையும் அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளே போன நீர், வெளியே வந்த சிறுநீர், இரண்டுக்கும் வித்தியாசம். தினமும் ஒரு லிட்டர் கூடிக்கொண்டே போயிருந்தால், ஆக்சிஜன் தேவை உயர்ந்ததில் நீருக்கும் பங்கு இருக்கலாம். "நீர் கூடியதால் இருக்குமா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிடிசியின் அந்தக் கணக்கு ஐசியு எப்படி நடக்கிறது என்று அளப்பதற்கு. ஒரு நோயாளிக்கு மருந்து தொடங்கலாமா என்று முடிவு செய்வதற்கு அல்ல. எண்கள் இரண்டு நாள் உயரட்டும் என்று காத்திருந்தால் நோயாளியை இழந்துவிடுவோம். சில உண்மையான நிமோனியாக்கள் அந்தக் கணக்கில் அகப்படவே மாட்டா. படுக்கையருகில் டாக்டர் பார்ப்பது வேறு: நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஒலி, சளியின் அளவு கூடுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா, எக்ஸ்ரே நேற்றுக்கு இன்று எப்படி. உங்கள் அப்பச்சியைப் போல மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு, எந்தத் தொற்றும் இல்லாமல் மூளைப் பாதிப்பாலேயே காய்ச்சல் வரும். சிறுநீர்க்குழாய், கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் வழியாகத் தொற்று வந்தாலும் காய்ச்சல்தான். அதனால் ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுத்தார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இனி அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்யும் காகிதம் இதுதான். கிருமியின் பெயரை இணையத்தில் தேடி, "எந்த மருந்தும் கேட்காத கிருமி" என்று படித்துவிட்டு நடுங்கிப்போவார்கள். சளியில் கிருமி இருப்பது வேறு, நுரையீரலில் நோய் இருப்பது வேறு. சில நாட்கள் டியூபில் இருக்கும் யாருடைய சளியை எடுத்தாலும் ஏதோ ஒரு கிருமி வளரும். அது வெறும் குடியேற்றமாக இருக்கலாம். டியூப் வழியாக உறிஞ்சிய சளியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகளுக்கு மேல், அல்லது பிராங்கோஸ்கோப் என்ற, மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவி வழியாக நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 10,000-க்கு மேல் என்பது வழக்கமான எல்லை. அப்பச்சிக்கு எண்களும் உயர்ந்திருக்கின்றன, கிருமியும் வளர்ந்திருக்கிறது. ஆகவே மருந்து கொடுப்பது சரி. அப்படி எந்த அறிகுறியும் இல்லாமல் ரிப்போர்ட்டில் பெயர் வந்ததற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நெருக்காதீர்கள். வாரம் தவறாமல் கல்ச்சர் எடுக்கச் சொல்லியும் நெருக்காதீர்கள். தேவையில்லாத ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அடுத்த கிருமியை இன்னும் கடினமாக்கும்.

நம் நாட்டு ஐசியுக்களில் இந்த நோயைக் கொண்டுவருபவை பெரும்பாலும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் ஆகியவை. மெரோபெனம் போன்ற பெரிய மருந்துகளுக்கே அசையாத வகைகள் இங்கே அதிகம். அதனால்தான் கொலிஸ்டின் என்ற பழைய மருந்தைத் திரும்ப எடுத்திருக்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் கொலிஸ்டினுக்கு நேராக 'இடைநிலை' என்று போட்டிருப்பதைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். 2020-க்குப் பிறகு பரிசோதனைக் கூடங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தர அளவில் அந்த மருந்துக்கு 'கேட்கும்' என்ற வகையே எடுக்கப்பட்டுவிட்டது. இடைநிலை, கேட்காது என்ற இரண்டுதான் உண்டு. ஆகவே அந்தச் சொல் மட்டும் கெட்ட செய்தி அல்ல. கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எண்ணும் சிறுநீர் அளவும் தினமும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள்.

மருந்து தொடங்கியபின் எக்ஸ்ரே மறுநாளே தெளியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்ரே எப்போதும் பின்தங்கித்தான் வரும். முதல் சில நாள் மோசமாகக்கூடத் தெரியலாம். முதலில் திரும்புவது ஆக்சிஜன் தேவை. மருந்து சரியாக வேலை செய்தால் மூன்றாம் நாள் வாக்கில் அந்த எண் இறங்கத் தொடங்கும். அன்றைக்கு டாக்டர் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்வார்: மருந்தைச் சுருக்கலாமா, மாற்றலாமா, வேறு எங்காவது தொற்று இருக்கிறதா என்று. பெரும்பாலானவர்களுக்கு ஏழு நாள் மருந்து போதும். 2003-இல் பிரான்ஸில் 51 ஐசியுக்களில் எட்டு நாளையும் பதினைந்து நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் வகைக் கிருமிகளில் மட்டும் குறைந்த நாள் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வருவது கொஞ்சம் கூடியிருந்தது. எனவே உங்கள் டாக்டர் இன்னும் சில நாள் தொடர்ந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கவனக்குறைவா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை அறிய ஒரே வழி, தடுக்கும் வேலைகள் தினமும் நடந்தனவா என்று பார்ப்பதுதான். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது. தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டால் நல்ல சிஸ்டர் ஒருவர் சார்ட்டையே எடுத்துக் காட்டுவார்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்பதை அண்ணன் கண்ணாலேயே பார்க்கலாம். 1999-இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், தட்டையாகப் படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகிக்கப்பட்டது. சாய்ந்து அமர்ந்த நிலையில் இருந்தவர்களில் 8 சதவீதம். பிறகு வந்த ஆய்வுகளில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், செலவே இல்லாத இந்தக் காரியத்தைச் செய்யாமல் விட முகாந்திரம் இல்லை. "கழுத்து வலிக்கும்" என்று சொல்லிப் பெரியம்மா சின்னம்மா யாரும் கட்டிலை இறக்கச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பல் தேய்ப்பது அடுத்தது. ஐசியுவில் பல் தேய்ப்பதா என்று ஆச்சரியப்படுவீர்கள். பிரஷ் வைத்துத் தேய்ப்பவர்களுக்கு மருத்துவமனை நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அந்தப் பலன் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கே அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று அண்மையில் வந்திருக்கிறது. நீண்ட காலம் நாங்கள் எல்லோரும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தோம். 2022-இல் அமெரிக்கத் தொற்றுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டு பிரஷ்ஷை எடுக்கச் சொல்கிறது. ஒரு நல்ல மிருதுவான பிரஷ் வாங்கிக் கொடுக்கட்டுமா என்று அண்ணன் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, டியூபை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பது. மெஷினில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது. அதனால் காலையில் தூக்க மருந்தை நிறுத்தி, நோயாளியை விழிக்கவிட்டு, பிறகு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் மெஷினின் உதவியைக் குறைத்துத் தானாக மூச்சுவிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் ஒரு மாதக் கணக்கில் ஏறக்குறைய மூன்று நாட்கள் கூடுதலாக மெஷின் இல்லாமல் இருந்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களும் அவர்களில் அதிகம். மூளையில் அழுத்தம் கூடியிருக்கும்போது தூக்க மருந்தை நிறுத்த முடியாது என்பதால் அப்பச்சிக்கு முதல் சில நாள் இதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். இப்போது? "இன்றைக்கு விழிக்கவிட்டுப் பார்த்தீர்களா, மூச்சுச் சோதனை செய்தீர்களா, செய்யவில்லை என்றால் எதற்காகக் காத்திருக்கிறோம்?" ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

ஒரு மருத்துவமனை தன்னைத்தானே அளந்துகொள்கிறதா என்று தெரிய இன்னொரு எண் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வென்டிலேட்டரில் இருக்கிறார்கள் என்று எண்ணி மாத முடிவில் கூட்டுவார்கள். நாளைக்கு ஐந்து பேர் என்றால் 30 நாளில் 150 வென்டிலேட்டர் நாட்கள். அந்த மாதம் இரண்டு பேருக்கு நிமோனியா வந்திருந்தால், 1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு 13.3. தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பும் இந்தக் கணக்கை எதிர்பார்க்கிறது. சிறிய ஐசியுவில் ஒருவர் கூடினாலே இந்த எண் துள்ளிவிடும் என்பதால், ஒரு மாதத்தை வைத்து யாரையும் மதிப்பிடாதீர்கள். ஓராண்டுப் போக்கைப் பாருங்கள். எண்ணைக் கூசாமல் சொல்லும் மருத்துவமனையை நான் அதிகம் நம்புவேன், அந்த எண் கொஞ்சம் பெரியதாக இருந்தாலும்.

நிமோனியா தவிர மற்ற சிக்கல்களையும் அங்கே கவனித்துக்கொண்டிருப்பார்கள். மெஷின் தள்ளும் காற்று அதிகமானால் நுரையீரலே காயப்படும். ஒருவரின் நுரையீரலின் அளவு எடையைப் பொறுத்தது அல்ல, உயரத்தைப் பொறுத்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு அந்த உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை ஏறத்தாழ 61.5 கிலோ, கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்றால் ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மில்லிலிட்டர். ஏஆர்டிஎஸ் வந்தவர்களுக்கு இப்படிக் குறைவாகக் கொடுத்தால் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைகிறது என்று 2000-இல் வந்த ஆய்வு காட்டியது. அப்பச்சியின் சரியான உயரம் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்ணளவில் எழுதுவது நல்லதல்ல. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே தேங்குவது, டியூப் சளியால் அடைப்பது இரண்டும் திடீரென்று வரும், நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டியவை. காலில் ரத்தம் உறைவது, படுக்கைப் புண், குழப்பமான மனநிலை, கைகால் தசை வற்றுவது இவையெல்லாம் மெல்ல வருபவை. பத்து நாள் தாண்டினால் தொண்டையில் துளையிட்டு டியூபை மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். "பேச்சு போய்விடுமே" என்று அதற்கு மறுக்க வேண்டாம். பெரும்பாலும் அது தற்காலிகம்தான், தூக்க மருந்தைக் குறைக்கவும் வாயைச் சுத்தமாக வைக்கவும் அது உதவும்.

வீட்டார் செய்யும் சில காரியங்களையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் ஒருவர் ஐசியுவில் இருந்தால் பங்காளி, சம்பந்தி, தாயபிள்ளை எல்லோரும் கிளம்பி வந்துவிடுவார்கள். அந்தப் பாசம் பெரியது. ஆனால் உள்ளே போவது இரண்டு பேர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் கையைக் கிருமிநாசினியால் தேய்க்க வேண்டும். அசினெட்டோபாக்டர் கட்டில் கம்பியில், திரையில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். பக்கத்துக் கட்டில் நோயாளியின் வீட்டாருக்கும் இது பொருந்தும். பிள்ளையார்பட்டியிலிருந்தும் குன்றக்குடியிலிருந்தும் விபூதி பிரசாதம் கொண்டுவருவார்கள். சிஸ்டரிடம் கேட்டுவிட்டு நெற்றியில் மெல்லிய கீற்றாக இடுங்கள். டியூப் பக்கம் தூள் உதிரக் கூடாது. தீர்த்தத்தை மட்டும் தயவுசெய்து வாயில் விடாதீர்கள். ஒரு சொட்டுதானே என்று ஒவ்வொருவரும் விடும் அந்தச் சொட்டுகள், நான் முன்பு சொன்ன கஃபுக்கு மேலே போய்த்தான் நிற்கும்.

நீங்கள் சிங்கப்பூரில் இருந்துகொண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூக்க மருந்து குறைக்கும் நேரத்தில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள்: இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறார், வீட்டில் எல்லோரும் சுகம் என்று. மயக்கம் தெளியும்போது தெரிந்த குரல் காதில் விழுவது குழப்பத்தைக் குறைக்க உதவும்.

டியூப் எடுத்த பிறகும் கவனம் வேண்டும். பல நாள் டியூபில் இருந்தவருக்கு, அதுவும் மூளையில் பாதிப்பு உள்ளவருக்கு, விழுங்கும் திறன் உடனே திரும்பாது. அந்த மகிழ்ச்சியில் "ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடுங்க" என்று யாராவது ஊட்டிவிட்டால், அது நுரையீரலுக்குள் போய் இரண்டாவது நிமோனியா வந்து, திரும்பவும் டியூப் போடும்படி ஆகிவிடும். விழுங்கும் சோதனை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை தண்ணீரும்கூட வாயில் வேண்டாம். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம் என்று அண்ணனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.